பத்துப் பேர் வந்தால் போதும் என்றவர்

மல்லிகா அத்தை இறந்த செய்தியை எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் நான். அதனாலேயே யாரும் நம்பவில்லை. "இந்த வருஷப் போட்டிக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டியா, வாலு" என்று முதல் பதில் வந்தது. அப்பா அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பிய பிறகுதான் குழு அடங்கியது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்கு மேலாளர், கழகத்துக்குச் செயலாளர். பௌர்ணமியன்று அறை கேட்டுக் கத்துகிறவர்களைக்கூட "சாப்டீங்களா" என்று கேட்டே அடக்கிவிடுவார். கழகக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் அவரால் முடியவில்லை. அதற்கு 'வராதவர் கழகம்' என்று பெயர் வைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பஜ்ஜி போட்டா வருவாங்கடி" என்றார்.

அப்படித்தான் லாட்ஜ் மொட்டைமாடியில் ஆண்டுக்கொரு முறை உறுப்பினர் விழா தொடங்கியது. சீரியல் விளக்கு, பஜ்ஜி, பிறகு அத்தை கண்டுபிடித்த பொய்ப் போட்டி. ஊரைப் பற்றி ஒரு புளுகை முகம் மாறாமல் சொல்லவேண்டும். "சத்தியமா நிஜம்" என்று கடைசிவரை சாதிக்கவேண்டும். மலையுச்சிக்குப் பிரியாணி அனுப்ப நவாப் சுரங்கம் வெட்டினார் என்று சொல்லி ஒருமுறை நான் பரிசு வாங்கினேன்.

போன வருட விழாவுக்கு அத்தை தாமதமாக வந்தார். வேங்கிக்காலில் ஒரு காலி மனையில் நடுகல் ஒன்று கிடந்தது. மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல், வில்லோடு நிற்பான். அதைக் கேட்டு மனைக்காரரிடம் அத்தை நடையாய் நடந்துகொண்டிருந்தார். அன்று பாதிப் போட்டியில் மைக்கை வாங்கினார்.

"நாளைக்குக் காலைல ஜேசிபி வருதுங்க. அதுக்குள்ள தூக்கிட்டுப் போனா கல்லு உங்களுதுங்கறாரு. வண்டி சொல்லிட்டேன். பத்துப் பேர் வந்தா போதும். இப்பவே போலாம்."

மாடி முழுக்கக் கைதட்டல்.

"போட்டி இல்லைங்க. சத்தியமா நிஜம்."

கைதட்டல் இன்னும் ஜாஸ்தியானது. "கண்ணுல தண்ணிகூட வருது பாருங்க. மேடத்துக்குதான் ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்று கழகத் தலைவர் பரிசு ஹாட்பாக்ஸை நீட்டினார். அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹாட்பாக்ஸோடு படியிறங்கிப் போனார். நடிப்பை விடாமல் போகிறார் என்று அதற்கும் சிரித்தோம்.

வண்டிக்காரரும் அவருமாகக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். கல் அசையவில்லை. மறுநாள் விஷயம் தெரிந்து நாங்கள் போனபோது அது உடைந்து அஸ்திவாரக் குழியில் கிடந்தது. வில் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அதன்மேல் கலவையைக் கொட்டினார்கள்.

"சீரியஸா சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் தலைவர்.

"வேற எப்படிங்க சொல்றது?" என்றார் அத்தை.

அதன் பிறகு அவர் கூட்டம் எதுவும் கூட்டவில்லை. எவ்வளவோ புளுகிப் பார்த்தேன், சிரிக்கவில்லை. "நீ சொன்னா சிரிக்கிறாங்க, சரி. நான் சொன்னாலும் சிரிக்கிறாங்கடி" என்றார்.

லாட்ஜில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னபோது உடனே நம்பினார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த மனையில் இப்போது மாடிவீடு. கழகத்தை இனி நடத்த யாருமில்லை. நேற்று மட்டும் உறுப்பினர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குனிந்தார். மற்றவர்கள் முண்டியடித்துத் தோள் கொடுத்தார்கள்.

பத்துப் பேருக்கு மேலேயே வந்துட்டாங்க, அத்தை. போயிட்டு வாங்க.