மீதி பூச்சியம்

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் யாரும் மறுக்கவில்லை. அது என்னவென்று தெரிந்தால்தானே மறுப்பதற்கு? சித்தப்பா மட்டும், கலைப் பிரிவு படித்தால் சீக்கிரம் டீச்சராகலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

முதல் மாதமே பல்லுறுப்பி வகுத்தலில் மாட்டிக்கொண்டேன். ஹட்டனுக்கு டியூசன் போகிற பிள்ளைகள் x-ஐயெல்லாம் விட்டுவிட்டு எண்களை மட்டும் வரிசையாக எழுதி, பெருக்கிக் கூட்டி, நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தக் குறுக்குவழியும் தெரியாது. நீள் வகுத்தலும் ஒழுங்காக வராது. கழிக்கும்போது குறியை மாற்ற மறந்துவிடுவேன். அதற்குப் பிறகு இறங்குகிற ஒவ்வொரு வரியும் பிழை. முதல் பரீட்சையில் தோற்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணித சேர் கோபிக்கவில்லை. "அடுத்த முறையும் இப்பிடியெண்டால் கலைப் பிரிவுக்கு மாறுறதுதான் உமக்கு நல்லது" என்றார். கோபித்திருந்தால் அழுதிருப்பேன். நிதானமாகச் சொன்னதால் பிடிவாதம் வந்துவிட்டது.

எங்கள் அடுப்படிக் கதவு புகை பிடித்துக் கன்னங்கரேலென்று இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெண்கட்டியோடு அதன் முன்னால் நிற்பேன். விடை பார்க்கப் புத்தகம் கிடையாது. அதனால் (x − 2)ஐ நானே இன்னொரு இயற்கணிதக் கோவையால் பெருக்கி, வந்ததைத் திரும்ப (x − 2)ஆல் வகுப்பேன். மீதி பூச்சியம் வந்தால் சரி. வராவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து. பூச்சியம் வந்ததும் அதைப் பெரிதாக எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவேன்.

"ஒங் கணக்கு முடியிற வரைக்கும் வெறகு வெளியதான் நனையணுமா?" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா கத்துவார்.

அப்பா தேயிலை ஃபெக்டரி வேலை முடிந்து வருவார். கதவின் கடைசி வரியைப் பார்ப்பார். பிறகு முகம் கழுவப் போவார். ஒருநாள் வயரை நீட்டி, பல்பைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினார். வெண்கட்டி தீர்கிற நேரம் பார்த்துத் தலவாக்கலையிலிருந்து வாங்கி வந்தார்.

இரண்டாவது பரீட்சையில் x² உறுப்பே இல்லாத கோவை ஒன்று வந்தது. அந்த இடத்துக்கு 0x² எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வரியிலும் குறியை மாற்றி எழுதிவிட்டுத்தான் கழித்தேன்.

பெறுபேறு சொல்ல சேர் பெற்றோரைக் கூப்பிட்டார். கல்யாண வீட்டுக்கு மட்டும் போடுகிற சட்டையில் அப்பா வந்தார். சேர் என் விடைத்தாளை எடுப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"சேர், புள்ள தெனமும் முட்டைதாங்க வாங்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா விடமாட்டேங்குதுங்க. இன்னுங் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க."

சேர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தபடி கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஐயா, அந்த முட்டை வந்தால்தான் கணக்குச் சரி. உங்கட மகள் பாஸ். இந்த வகுப்பிலதான் இருப்பா."

மற்றப் பெற்றோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மானமே போயிற்று. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்பது மட்டும்தான் அன்றைக்கு என் மண்டையில் ஏறியது. ஒவ்வொரு சாயங்காலமும் மகள் தோற்றுப்போகிறாள் என்றே நம்பிய மனிதர், வெண்கட்டி தீரத் தீர வாங்கி வந்துகொண்டிருந்தார் என்பது ஏறவில்லை.