ஒரு கையெழுத்து கேட்டுப் போனேன்

லண்டனில் இருக்கும் ஓர் இலக்கிய முகவர் என் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அந்தச் செய்தியை நான் முதலில் சொன்னது என் சினேகிதியிடம்தான்.

"எனக்கொரு ஏஜென்ட் கிடைச்சிட்டா."

எங்கள் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புபவர். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த நாட்டுக்கடி? கடல் கடக்கிற வயசே இது?"

"நான் போகேல்லை. என்ர கொப்பிதான் போகுது. அதுக்கு அவா பதிப்பகம் தேடித் தருவா."

"அப்ப கொப்பிக்கு விசா எடுத்தாச்சோ?"

தர்மபுரத்தில் தையல் மெஷினோடு இருப்பவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சட்டை தைக்க வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்தேன். அதில் பாதி என் சினேகிதியின் கதை. வெள்ளம் பார்க்க வரத் தாமதிக்கும் கிராம அலுவலரைப் பற்றி, "விதானையார் வாறதுக்குள்ள குளமே நிரம்பி வந்து எங்களைப் பாத்திட்டுப் போயிடும்" என்பாள். போரில் காணாமல் போன மகனைப் பற்றி, "வரட்டும், முதல்ல அடி, பிறகுதான் சோறு" என்பாள். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து அனுப்பியதில் ஏழு முகவர்கள் மறுத்த பிறகு, எட்டாமவர் அந்த அடியையும் சோற்றையும் வாசித்துத்தான் சம்மதித்தார்.

ஒன்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் இவ்வளவு பேசுகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பதிப்பகங்கள் கேட்கும்.

கடிதத்தை ரைப் செய்வித்து, பிளாஸ்டிக் ஃபைலில் வைத்துக் கொண்டுபோனேன். அவள் முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் பக்கத்தில் நிலத்தில் குந்தி நானும் உடைப்பேன். அன்று தாள் கசங்கிவிடும் என்று கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஃபைலை மடியில் விரித்தேன். பேனையையும் நீட்டினேன்.

அவள் கை நின்றது.

"என்னடி இது?"

"நீ சொன்னதுகளைப் புத்தகத்தில போட உனக்குச் சம்மதம் எண்டு. வேற ஒண்டுமில்லை."

"அரசாங்க ஆக்களும் ஒரு சம்மதம்தான் கேட்டவங்கள். பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் தாறம், இதில ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ எண்டு. இப்பிடித்தான் கதிரையில இருந்துகொண்டு." கச்சான் சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீயும் பேப்பரோட வந்திட்டியோ?"

வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவளைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று முகவருக்கு எழுதினேன். அவர் அன்பாகத்தான் பதில் போட்டார்: அவள் இல்லாத புத்தகத்துக்குத் தன்னால் பதிப்பகம் தேட முடியாது. சரி, புத்தகத்தை விட்டுவிடுவோம் என்று எழுதிவிட்டேன். அவளிடமும் போய்ச் சொன்னேன்.

"எனக்காண்டி ஏன் விட்டனி?" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போன கிழமை கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் அவள் சத்தம் கேட்டது. யாரோ வீட்டு மாடு கல்யாணப் பந்தலுக்குள் புகுந்த கதை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தபடி கிட்டப் போனேன். என்னைக் கண்டாள்.

"பிறகு என்ன நடந்தது? சொல்லனக்கா," என்றாள் ஒருத்தி.

"பிறகென்ன. மாடு போயிட்டுது," என்றுவிட்டு, சீனிப் பையைச் சைக்கிளில் கொழுவத் தொடங்கினாள்.