பௌர்ணமிக்கு எடுத்த டிக்கெட்

எங்கள் வீட்டில் தொங்குவது சபைக் காலண்டர். ஒவ்வொரு தாளிலும் வசனம் இருக்கும், பௌர்ணமி இருக்காது. திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு பௌர்ணமி என்றைக்கென்று பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுக்கிறவர்கள் எங்களைப் போன்ற ஊழியக்காரக் குடும்பமாகத்தான் இருக்க முடியும். அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் தேதியைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அம்மா, “பௌர்ணமி அன்னிக்கா? நல்லா கெளம்புனீங்க போங்க” என்று சிரித்தார்.

போக இருந்தது பாளையங்கோட்டைக்கு, அப்பாவைப் பார்க்க. அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாவியையும் கண்ணாடியையும் மறந்தார். பிறகு, தினமும் சோறு போடும் அண்ணியை யார் என்று கேட்டார். அண்ணன் போனில், “ஒன் பேரை மட்டும் இன்னும் விடாமச் சொல்லுதாரு. எத்தனை நாளைக்கோ தெரியல. அதுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு” என்றான். உடனே டிக்கெட் எடுத்தோம். பௌர்ணமி அன்று மத்தியானம் விழுப்புரத்தில் ரயில்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு ஒருவர் பைக்கில் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மணிலாக்கடலை பயிர் வைக்கிறவர். அவருடைய மனைவி பல வருஷமாக எங்கள் கிராம ஜெபவீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிற பெண். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புருஷன் சம்மதம் இல்லாமல் கொடுப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் புருஷன்தான் இப்போது வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“எடுத்துக்கட்டும் சார். நாள் முழுக்க அழுவுறா, என்னால பாக்க முடியல. ஆனா பௌர்ணமி அன்னிக்கி வச்சிக்குங்க. எங்க பங்காளிங்க எல்லாம் மத்தியானமே வேன் ஏறி மலை சுத்தப் போயிடுவாங்க. ஏரியாண்ட ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. இன்னொன்னு சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க கை எங்க வீட்டம்மா மேல படக்கூடாது. பாஸ்டரம்மா புடிச்சி முக்கட்டும்.”

அடுத்த பௌர்ணமிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“அடுத்தது கார்த்திகை தீபம்மா. வீடு முழுக்க சொந்தக்காரங்க இருப்பாங்க. அதுக்குள்ள எனக்கே மனசு மாறிடும்” என்றார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், “நீ போகணும்னா போ. நான் எதாவது பாத்துக்கிடுதேன்” என்றார். எதைப் பார்த்துக்கொள்வார்? அந்தப் பெண்ணைத் தண்ணீரில் பிடிக்க வேண்டியவள் நான். போகாதே என்று சொன்னாலாவது சண்டை போடலாம். போ என்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்பு போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது இன்னும் எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலையில் நானே டிக்கெட்டை ரத்து செய்தேன். ஊருக்கென்று மடித்து வைத்த பையிலிருந்து, நனைந்தால் பரவாயில்லை என்கிற ஒரு புடவையை மட்டும் வெளியே எடுத்தேன்.

மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. அந்தப் பெண் வெள்ளைப் புடவையில் வந்தாள். எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானத்துக்கு வெள்ளைதான். நானும் அவளும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று வார்த்தைகளைச் சொன்னார், நான் முக்கி எடுத்தேன். அவள் புருஷன் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் மேலே ஏறியதும் தோளில் இருந்த துண்டை நீட்டி, “சீக்கிரம் தொவட்டு, சளி புடிச்சிக்கும்” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஏற வேண்டிய ரயில் அந்நேரம் திருச்சியைத் தாண்டியிருக்கும் என்பதும் நினைவில் இருந்தது.

ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெண், அவ்வளவு ரகசியமாக எடுத்த ஞானஸ்நானத்தின் புடவையைத் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டுவிட்டாள். மலை சுற்றித் திரும்பிய பங்காளி வீட்டுப் பெண்கள் கொடியில் பார்த்தது ஒரு வெள்ளைப் புடவை. புருஷன் உயிரோடு இருக்கும்போது வெள்ளை எதற்கு என்று தொடங்கிய பேச்சு ஏரி வரைக்கும் போய் நின்றது. அவளோடு யாரும் பேசவில்லை. கல்யாண வீட்டுக்கு அழைக்கவில்லை. அந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் பாதி நாள் அவள் வீட்டில் இருந்தேன். அது தணிவதற்குள் தீபம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸ் பவனி, வருஷப்பிறப்பு ஆராதனை. பொங்கல் கழிந்துதான் ரயில் ஏறினேன்.

அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அண்ணன், “யாரு வந்திருக்கான்னு பாருங்கப்பா” என்றான்.

அப்பா என்னைப் பார்த்து, “வாங்கம்மா, உக்காருங்க” என்றார்.

பிறந்ததிலிருந்து நேரில் அவர் என்னை ‘ஏட்டி’ என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். நான் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். திருவண்ணாமலை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

“அங்கதாம்மா எம் மவ இருக்கா. ஊழியம் செய்யுதா. ஓயாத வேலை, பாவம்.” பிறகு அண்ணனுக்குக் கேட்காதபடி முன்னால் குனிந்து, “அவளைப் பாத்தீங்கன்னா, நான் தேடுனேன்னு மட்டும் சொல்லிராதீங்க. கேட்டாள்னா போட்டது போட்டபடி ஓடி வந்துருவா” என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன்.