கோழியோடு வந்தவன்

எங்கள் வீட்டில் ஆங்கிலப் புலமை என்னோடு தொடங்கி என்னோடு முடிந்திருந்தது. எனக்குப் பத்து வயது. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். ஆகவே, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நானே நியமனமானேன்.

மாமா தனியாக வெளிக்கிட்டவரல்ல. கூடவே ஒரு சினேகிதர். வழியில் ஏதோவொரு விமான நிலையத்தில் இருவரையும் பிரித்துவிட்டார்களாம். அதன் பிறகு அவரைப் பற்றித் தகவலில்லை. தினமும் மத்தியானம் மாமா லிஃப்டில் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். அவருக்கு லிஃப்ட் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தில் எடுத்துவந்த ஊமைப்பட வீடியோக் கசற்றை அவருக்குப் போட்டுக் காட்டினேன். போர்முனைப் பதுங்குகுழியில் ஒரு நெட்டையனும் ஒரு குண்டனும் ஒரே போர்வைக்கு அடிபடுகிறார்கள். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் உப்பிடித்தான் பிள்ளை. உடுக்கிற ஒரு சாரத்துக்குச் சண்டை."

இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளை வாசித்துச் சொல்வது என் வேலை. நெட்டையன் குழியைவிட்டு ஏறிப் போனான். ஒரே புகை. 'இன்னும் காணவில்லையே' என்று எழுத்து வந்தது. முதல்நாளே படத்தைப் பார்த்திருந்ததால், இரண்டு நிமிடத்தில் அவன் கக்கத்தில் ஒரு கோழியோடு வருவான் என்பது எனக்குத் தெரியும். செத்தவன் கோழியோடு வந்தால் இன்னும் பகிடியாக இருக்குமே! இயக்குநருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

"நெட்டையன் செத்துப்போனானாம், மாமா."

மாமா எழுந்து டிவியை நிறுத்தினார். "காணும் பிள்ளை, பாத்தது போதும்." கதவைத் திறந்துகொண்டு கீழே போனார். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று பின்னால் நின்று கத்தினேன். அதுவும் மொழிபெயர்ப்பாளரின் கடமைதானே.

திரும்பி வர நெடுநேரமாயிற்று. என் பகிடி வீணாகிற கவலையில் உண்மையைச் சொன்னேன்.

"அவன் சாகேல்லை மாமா. நான் சும்மா சொன்னனான்."

ஏசுவார் என்று நினைத்தேன். "மெய்யாத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். கோழியோடை வாறான்."

"போடு பாப்பம்."

நெட்டையன் வந்தான். குண்டன் அவனைத் தலைக்கவசத்தால் இரண்டு போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தான். நடுவில் கோழி நசுங்கித் துடித்தது. மாமா சிரிக்கவில்லை.

"திருப்பிப் போடு."

போட்டேன். மறுபடியும் திருப்பச் சொன்னார். அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை நெட்டையன் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தான். மாமாவுக்குப் பகிடி பிடிபடவில்லை என்று நினைத்து, அந்தக் கோழி எங்கிருந்து வந்ததென்று ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.