மார்கழியில் வந்த உதிரி மல்லிகை

முதலில் வந்தது இருமல். பனியில் பூ எடுக்கப் போனால் இருமல் வராமல் என்ன செய்யும் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியும் முன்பே செடிக்குள் இறங்கிவிட வேண்டும். எனக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. ஆனாலும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காது. பன்றிக் காய்ச்சலைப் பற்றி டிவியில் தினமும் சொன்னார்கள். விமானத்தில் போய் வருகிறவர்களுக்கு வருவது, தோட்டக்காட்டில் கிடக்கிற நம்மை அது ஏன் தேடி வரப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

காய்ச்சல் இறங்கவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். தொண்டையில் சளி எடுத்துச் சோதித்து, பன்றிக் காய்ச்சல்தான், நிமோனியாவும் (நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டும் நோய்) சேர்ந்துவிட்டது என்றார்கள். கர்ப்பிணிகளை இது மற்றவர்களைவிட மோசமாகப் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இதைப் படிக்கிற யாராவது வயிற்றுப் பிள்ளையோடு இருமலுக்குப் பனிமேல் பழி போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதே கிளம்புங்கள்.

உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை. பச்சைத் துணிக்கு வெளியே தெரிந்த ஒரு பாதம், அவ்வளவுதான் நான் பார்த்தது. அவளைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு (கண்ணாடிப் பெட்டியில் சூடாக வைத்துப் பார்க்கும் இடம்) கொண்டுபோனார்கள். என்னைத் தனி வார்டில் போட்டார்கள். தொற்று அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது, அதனால் பக்கத்தில் போகக் கூடாது. பால் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். நான் பீய்ச்சிக் கொடுப்பதை நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் வாங்கிப் போவார். எனக்கும் அவளுக்கும் இருந்த ஒரே போக்குவரத்து அதுதான்.

முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிறகு கிண்ணம் நிறைந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாலும் இந்த ஒரு வேலையை உருப்படியாகச் செய்கிறேன் என்று எனக்குப் பெருமை. என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று சைகையில் கேட்பேன். தலையாட்டுவார். பிறகு வேறு பக்கம் பார்ப்பார்.

எனக்குக் காய்ச்சல் விட்டதும் ஒருவரை உள்ளே விட்டார்கள். என் மாமியார் வந்தார். மார்கழிப் பனியில் மொட்டுக் கருகிப் பூ வரத்துக் குறைந்துவிடும். அந்த நாளில் தலைக்கு ஒரு முழம் கேட்டால் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிற மனுஷி அவர். அன்றைக்கு மடி நிறையப் பூ கொண்டுவந்திருந்தார். கட்டின பூ இல்லை, உதிரிப்பூ. கூடவே கிழித்த வேட்டித் துணி.

எங்கள் பக்கத்தில் பால் வற்ற வேண்டுமென்றால் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பூப் போடுகிற வீடுகளில் இது தெரியாத பெண் கிடையாது. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போது கட்டுவார்கள். பெற்ற ஈரம் காயாதவளுக்குக் கட்டினால் அதற்கு ஒரே காரணம்தான்.

“எப்ப அத்தை?” என்று கேட்டேன்.

“முந்தாநா வெள்ளன.”

“நேத்தும் பால் வாங்கிட்டுப் போனாங்களே.”

“நாங்கதான் சொல்ல வேணாம்னோம் தாயி. உனக்கு மூச்சு சரியாகட்டும்னு. இப்பப் பால் கட்டிக்கிட்டா மறுபடி காய்ச்சல் கண்டுருமே. வாயால சொல்ல எனக்கு ஏலல.”

நான் அழவில்லை. அழுதால் இருமல் வரும், இருமினால் தையல் இழுக்கும். அத்தை பூவை அள்ளி வைத்து, துணியை இறுக்கிக் கட்டினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் வாசம் வந்தது.

எனக்காகத்தான் மறைத்தார்கள். தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நாளும் நான் அவளுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நோயாளியிடம் மறைக்கலாமா என்று என்னைக் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.

வீடு திரும்பியபோது அவளை அடக்கம் செய்த மண் காய்ந்திருந்தது. கிணற்றடிவரை நடந்தாலே இரைத்தது. நுரையீரல் தேற மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. பால் வற்றிவிட்டது. உடம்பு அந்தக் கணக்கை முடித்துக்கொண்டது என்று நினைத்தேன்.

சித்திரையில் பூ கொட்டியது. கையாள் போதாமல் நானும் செடிக்குள் இறங்கினேன். கூலிக்கு வந்தவள் ஒருத்தி வேப்பமரத்தில் தொட்டில் கட்டியிருந்தாள். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. என் மார்பு சுருக்கென்றது. குனிந்து பார்த்தேன். ரவிக்கை நனைந்திருந்தது. கீழே மடி நிறைய மல்லிகை.

எல்லோருக்கும் தெரிந்து இத்தனை மாதம் ஆகியும் என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. இப்படிச் சிலருக்கு நேரும், பயப்பட வேண்டாம் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். அந்த நிமிஷத்தில் எனக்குப் பயம் இல்லை. அவள் எங்கேயோ பசித்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

அடுத்த வரிசையில் இருந்த அத்தை பார்த்துவிட்டார். வந்து என் மடியை அவிழ்த்து, ஒரு பூ விடாமல் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

“போ. போயிச் செத்த நேரம் உக்காரு.”

வரப்பில் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறி, மொட்டெல்லாம் வெடிக்கிற நேரம். வெடித்த பூவுக்கு விலை இல்லை, ஒரு கை குறைந்தாலும் நஷ்டம்தான். ரவிக்கை தானாகக் காயும்வரை என்னை யாரும் கூப்பிடவில்லை.