எங்கள் தெருவின் நாற்ற இலக்கணம்

ஐம்பது வயதைத் தாண்டியபின் எனக்கு ஸ்வாஹிலி படிக்கும் ஆசை வந்தது. காரணம் ஒன்றும் உன்னதமானதல்ல. ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆவணம் தயாரிப்பது என் வேலை. கிழக்கு ஆப்பிரிக்காவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கைப் பற்றி எழுதும் மின்னஞ்சலில் அந்த ஊர் மொழியிலேயே வணக்கம் சொன்னால் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன். கண்டெய்னர் எப்போது வரும் என்று மட்டும் ஆங்கிலத்தில் பதில் வந்தது. அதற்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

என்னை மாட்டவைத்தது முன்னொட்டு. நாம் எதையும் சொல்லின் வாலில்தான் கட்டுவோம். ஸ்வாஹிலி சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தில் எல்லாம் தலையில். ஸ்வாஹிலியில் 'ம்தோதோ' குழந்தை, 'வாதோதோ' குழந்தைகள். 'கிதாபு' புத்தகம், 'விதாபு' புத்தகங்கள். வண்ணாரப்பேட்டை பாய் வீட்டில் கிதாப் என்பார்களே, அதே அரபுச் சொல்தான். கடன் வாங்கி, அதன் தலையையே தங்கள் முன்னொட்டாக்கிக்கொண்டுவிட்டார்கள். பெயர்ச்சொற்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சொல்லின் தலை அது எந்த வகுப்பு என்று காட்டிவிடும். அதன்பின் வாக்கியத்திலுள்ள மற்ற சொற்களும் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்னால் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியில் வகுப்பு. ஆசிரியை தார் எஸ் சலாமில் இருக்கும் ஒரு பெண்மணி. என் மனைவி வேண்டுமென்றே திரைக்குக் குறுக்கே நடந்து அவருக்குக் கையசைப்பாள். "திருவொத்தியூர்ல குந்திகினு ஆப்பிரிக்கா பாஷை. மொதல்ல மாவு அரைக்கக் குடுத்துட்டு வாய்யா" என்பாள்.

ஒருநாள் ஆசிரியையிடம் என் மேதைமையைக் காட்டினேன். சுற்றிலும் ஆலைகள் உள்ள எங்கள் தெருவிலும் வகுப்புகள் உண்டு, ஆனால் சொற்களுக்கல்ல, நாற்றங்களுக்கு என்றேன். மண்ணெண்ணெய் போல் வந்தால் ஒரு வகை. ஜன்னலைச் சாத்தினால் போதும். உர மூட்டையைப் பிரித்த மாதிரி வந்தால் மாடியில் காயும் துணியை எடுக்கவேண்டும். கருவாட்டுக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை, பசிக்கும். குப்பையில் ஒயரைக் கொளுத்தும் வாடைக்குக் கெட்டவார்த்தை. மூக்கில் ஏறிய கணமே வகுப்பு தெரிந்துவிடும், கைகால் அதற்கு இணங்கி நடக்கும். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல்கலைக்கழகம் ஒன்று என்னைத் தவறவிட்டுவிட்டதாக அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நடுவில் ஒரு நாற்றம் வந்தது.

ஜன்னலுக்குக் கீழே தெருவில் இரண்டு பேர். எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பக்கத்து வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் மீனவர்.

"இன்னா மாமு, இப்டி நாறுது?" என்றார் கிரேன்காரர்.

"ஒர வாடதான். காத்து திரும்பிக்கிச்சு."

"ஒரம் இப்டி கண்ண எரிக்குமா? ஒயர் கொளுத்துறானுங்க, பேமானிங்க."

"மூக்க எங்கனா அடகு வச்சிட்டியா? ஒயர்னா கரி நாறும். இது வேற ஜாதி."

படித்தவன் சும்மா இருக்கலாமா? ஜன்னலில் தலையை நீட்டி, இரண்டும் கலந்த புது வகுப்பாக இருக்கலாம் என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைத் துடைத்து, மறு கையால் ஆதாரங்களை அடுக்கினேன். மூன்று பேரும் இருமிக்கொண்டே வாதாடினோம். போய்விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த வகை என்று தெரியாமல் எப்படிப் போவது?

முதுகுக்குப் பின்னால், திரையிலிருந்து ஆசிரியை உரக்கக் கூப்பிட்டார், திரும்பினேன். "உங்கள் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? உங்கள் மனைவி எங்கே?"

அவள் அன்று குறுக்கே வரவேயில்லை. அவளுக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலர் என் மேசைமேல் இருந்தது.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதித் துணி, கொடியில் மீதி. அவள் மூக்கும் இதே தெருவின் மூக்குதான். உர வாடை என்று நினைத்துத் துணி எடுக்க ஏறியிருக்கிறாள். உதடு நீலமாக இருந்தது. இன்ஹேலரை அழுத்தினேன், உள்ளே இழுக்க அவளிடம் மூச்சு இல்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அப்போது கத்தினேன்.

கிரேன்காரரும் மீனவரும் ஓடி வந்து அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். "துண்ட நனைச்சு மூஞ்சில போடு சாரு! அழுவாத, அப்பறம் அழுவலாம்!" என்று மீனவர் என்னை அதட்டினார். ஆட்டோ தெற்கே பறந்தது. வழி நெடுக, தெருமுனைகளில் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் எங்கள் விவாதமேதான்.

ஆஸ்பத்திரியில் எங்கள் பகுதி ஆட்களே பலர் வரிசையாக இருமிக்கொண்டிருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் மனைவிக்கு மாஸ்க் மாட்டியபடி கேட்டார்: "எந்த கேஸ்? அமோனியாவா, குளோரினா? எங்கருந்து லீக்?"



அவர் சுற்றிலும் பார்த்தார். "இவ்ளோ பேர் அங்கயே இருக்கீங்க. அது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாதா?"

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். நான் மீனவரைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றை இழுப்பவர்கள் நாங்கள். எது வந்தால் ஜன்னல், எது வந்தால் துணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். எங்கள் நெஞ்சுக்குள் போவது எது என்று இதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் யாரையும் கேட்டதில்லை.

"கண்ணு எரிஞ்சது டாக்டர்" என்றார் மீனவர் கடைசியில், தன் படகின் சொந்தக்காரர் யார் என்று தெரியாதவர் போல.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, பெயரில்லாமலே வைத்தியத்தைத் தொடர்ந்தார். ஊசி போட்டார். மாஸ்க்குக்குள் புகை போல மருந்து போய்க்கொண்டேயிருந்தது. அவள் விலா எலும்புகள் துடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத் துடிப்பு தளர்ந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"இன்னாய்யா அது?" என்றாள் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"தெர்லடி" என்றேன்.

தெரியாது என்பது கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் அவள் கேட்டிராத சொல். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் விரிந்துகொண்டே போயின. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினாள், எனக்கு வைத்தியம் பார்க்க.