பிற்பகலில் விரியும் வெள்ளை

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜவ்வரிசி ஆலையில் காயப்போடும் களம் ஜீவாவின் பொறுப்பு. பரப்புவதா, அள்ளி மூடுவதா என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

வங்கக்கடலில் புயல் நகராமல் நின்ற வாரம் அந்தப் பேச்சு பொய்த்தது. பிற்பகலில் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தாள். காலையில் சின்னதாக இருந்த புயலின் வெண்மேகம் ராட்சசமாய் விரிந்திருந்தது. "அள்ளுங்க, வந்துருச்சு!" என்று கத்தினாள். காயாத ஜவ்வரிசியைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினார்கள். ஒரு தூறல்கூட விழவில்லை. குவியல் புளித்து நாறியது. முதலாளி கைலாசம் எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார்.

ஜீவா அழவில்லை. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதன்பின் காலையும் மாலையும் அந்தப் படத்தை விடவில்லை. புயலின் நடு நின்ற இடத்திலேயே நின்றது. உச்சி மேகம் மட்டும் பகலில் தினமும் வெளியே விரிந்தது, மறுநாள் காலையில் பழையபடி சுருங்கியிருந்தது. காலைப் படத்தோடு பிற்பகல் படத்தை ஒப்பிட்டதுதான் தப்பு. பிற்பகலை முந்தைய பிற்பகலோடுதான் பார்க்க வேண்டும்.

இது புரிந்த மறுநாள் களம் நிறையப் பரப்பினாள். பிற்பகலில் கைலாசம் செல்போனும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏம்மா ஜீவா, வெள்ளை நம்மூருகிட்ட வந்துருச்சு. மூடச் சொல்லு!"

"நேத்தும் இந்நேரம் இவ்ளோதானுங்க. நடு நகரலீங்க."

"மழை வந்துட்டா?"

"வந்தா நானே அள்ளறனுங்க. நீங்க மொதல்ல செருப்பைக் கழட்டுங்க. களத்துல ஜவ்வரிசி காயுது."